சாலோமி அக்கா கூப்பிட்ட விசேஷம்

மொதல்லயே சொல்லிருதேன், எனக்கு இந்தக் கலை கிலையெல்லாம் மண்டையில ஏறாது. நான் கணக்கு டீச்சர். ஒரு கணக்குன்னா கடைசியில விடை வரணும். வரலன்னா கணக்கு தப்பு, இல்லன்னா போட்ட ஆளு தப்பு. வண்ணார்பேட்டையில கார்த்திகேசன் நடத்துத கலைக்கூடத்துல சனிக்கிழமை சாயங்காலம் நடக்குத சங்கதிகளுக்கு விடையும் கெடையாது, கேள்வியும் கெடையாது. ஆனாலும் வாரம் தவறாம அங்கன போய் உக்காந்திருந்தேன்னா அதுக்கு ஒரே காரணம் எங்க பக்கத்து வீட்டு சாலோமி அக்காதான்.

அவ யாருன்னு சொல்லிட்டுத்தான் மேல போகணும். பாளையங்கோட்டை சமாதானபுரம் பக்கம் ஒரு காம்பவுண்டுல அவ வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவரு. நாங்க சைவம், அவ வேதக்காரி, சர்ச்சுக்குப் போறவ. என் வீட்டுல தேங்காப்பால் சொதி கொதிச்சா அவளுக்குத் தெரியும், அவ வீட்டுல மீன் பொரிச்சா எனக்குத் தெரியும். இத்தனை வருசத்துல ரெண்டு பேரும் மூக்கப் பொத்துனது இல்ல. மிஷன் ஹாஸ்டல் ஒண்ணுல மேட்ரனா இருந்து ரிட்டயர் ஆனவ. கல்யாணம் கட்டிக்கிடல. ஏன்க்கான்னு கேட்டா நேரமே கெடைக்கலம்பா. அது பொய்யும் இல்ல. ஒரு ஹாஸ்டல் பிள்ளைங்களுக்குப் பேன் பாத்து, தலை பின்னி, காய்ச்சலுக்குக் கஞ்சி வச்சு, சுவரேறிக் குதிச்சு சினிமாவுக்குப் போனதுகளக் காதப் பிடிச்சு இழுத்துட்டு வந்து, அதுக படிச்சு முடிச்சுக் கல்யாணம் கட்டினா மொத ஆளாப் போய் நின்னு, அப்படியே காலம் ஓடிட்டு.

ரிட்டயர் ஆனதும் ரெண்டு மாசம் வீட்டுல இருந்தா. அந்த ரெண்டு மாசமும் எங்க காம்பவுண்டே ஹாஸ்டல் ஆயிட்டு. யாரு எத்தனை மணிக்கு வீட்டுக்கு வாராவ, எவ வீட்டுக் கொழாய் சொட்டுது, எம் மகன் ஏன் இன்னும் தூங்குதான், எல்லாத்துக்கும் விசாரணை. இவளுக்கு ஒரு சோலி பிடிச்சுக் குடுக்கலன்னா நாம பெட்டியக் கட்ட வேண்டியதுதான்னு நான் நெனச்சிட்டிருக்கும்போதுதான் கார்த்திகேசன் வந்தான்.

அவன் எங்க தூரத்துச் சொந்தம். ஒரு காலத்துல சீவலப்பேரிப் பக்கம் வயலும் வரப்புமா இருந்த குடும்பம். அந்த நெல்லெல்லாம் வண்ணார்பேட்டையில அவங்க ரைஸ் மில்லுலதான் அரைபடும். மில்லு நின்னு போய் ரொம்ப நாளாப் பூட்டிக் கெடந்துச்சு. பெங்களூருல கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருந்த இவன் திடுதிப்புன்னு ஊருக்கு வந்து, தூசி தட்டி, சுவரு பூராவும் வெள்ளையடிச்சு, படங்களத் தொங்க விட்டு, 'உமி கலைக்கூடம்'னு போர்டு வச்சுட்டான். உமின்னு பேரு வச்சா எவன்லே வருவான், அரிசின்னாலாவது நாலு பேரு எட்டிப் பாப்பான்னு நான் சொன்னேன். கேக்கல. படம் பாக்க ஆளு வரலன்னு தெரிஞ்சதும், சனிக்கிழமை சாயங்காலம் கலைஞர்களையே நேர்ல கூட்டிட்டு வந்து உயிரோட ஏதாவது செய்ய வைக்கப் போறேன்னு ஆரம்பிச்சான். அதுக்கு நிகழ்த்துக்கலைன்னு பேராம். வாரவங்களக் கவனிக்க, நாற்காலி போட, ஆளுங்கள உக்கார வைக்க ஒரு பொறுப்பான ஆளு வேணும்னான். நான் அக்கா வீட்டுக் கதவத் தட்டிட்டேன்.

அவ சேந்த ஒரு மாசத்துல கார்த்திகேசனே செருப்பக் கழட்டிப் போட்டுட்டு, அக்கா மொகத்தப் பாத்துட்டுத்தான் உள்ள வருவான். கலைஞர்னு எவன் வந்தாலும் அவளுக்கு ஹாஸ்டல் பிள்ளைதான். சாப்பிட்டியா, ஏன் கண்ணு செவந்திருக்கு, இந்தத் தாடிய அம்மா ஒண்ணும் சொல்லலையான்னு ஆரம்பிச்சிருவா. ஒருத்தன் வந்தான். காலையில இருந்து பட்டினி கெடந்து, அந்தப் பசியோட சாயங்காலம் எல்லாரு முன்னாலயும் தரையில சாஞ்சு விழணும், அதுதான் அவன் கலை. அக்கா நாலு மணிக்கு அவன் மொகத்தப் பாத்தா. சுக்குக் கஞ்சியும் தேங்காத் துவையலும் கொண்டாந்து, குடிச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நின்னுட்டா. பொறவு எங்கிட்டு அவன் விழ? தரையில படுத்து அசந்து தூங்கினான். பாத்தவங்க ரொம்ப உருக்கமா இருந்துச்சுன்னு சொல்லிட்டுப் போனாவ.

இன்னொருத்தி ஒரு மூட்டை வெங்காயத்த ஒத்தையில உக்காந்து உரிச்சா. எங்க எல்லாருக்கும் கண்ணுல தண்ணி வந்துட்டு. அத அவ பெரிய வெற்றின்னு எடுத்துக்கிட்டா. பொறவு ஒருத்தன் சுவரப் பாத்து ரெண்டு மணி நேரம் நின்னான். எதுத்த டீக்கடை சேக் முகம்மது அண்ணாச்சி, டீ கொண்டு வந்தவரு, கொஞ்ச நேரம் அவனையே பாத்துட்டு எங்கிட்ட வந்து பைய கேட்டாரு, "என்ன தப்பு பண்ணினாரு, டீச்சர்?"

ஆளு வந்தாத்தானே? சனிக்கிழமைதோறும் அதே நான், அதே டீக்கடை அண்ணாச்சி, வாட்ச்மேன், ஃபேன் காத்துக்காக ஒதுங்குத ஒரு காலேஜ் ஜோடி. கார்த்திகேசனும் போன்ல என்னென்னமோ போட்டுப் பாத்தான். இதயம் இதயமா வந்து விழும், ஆளு வராது. கடைசியில ஒரு நாள் அக்காகிட்ட வந்து தலையச் சொறிஞ்சான். அடுத்த சனிக்கிழமை மெட்ராசுல இருந்து எஸ்றான்னு ஒரு கலைஞர் வாராரு, பெரிய ஆளு. அன்னைக்காவது கூடம் நெறையணும். நெறையலன்னா சாயங்கால நிகழ்ச்சிய நிறுத்திருதேன்க்கா, வெறும் படம் மட்டும் தொங்கட்டும், அதப் பாத்துக்கிட வாட்ச்மேன் போதும்னுட்டான். அதாவது அக்காவும் வேண்டாம்னு அர்த்தம். வாய்விட்டுச் சொல்லத்தான் அவனுக்கு நாக்கு வரல.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்ல. போறான் மூதி, உங்களுக்குப் பென்சன் வருது, வீட்டுல காலாட்டிக்கிட்டு இருங்க, நான் தெனமும் சொதி வச்சுத் தாரேன்னு சொன்னேன். அக்கா ஜன்னல் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நின்னா.

"ஏட்டி சித்ரா, வாழ்க்கை பூரா ஒரு வாசல்ல நின்னேன். பிள்ளைங்கள வெளிய விடாம இருக்கதுதான் என் வேலை. இங்கதான் வாசல்ல நின்னு எல்லாரையும் 'உள்ள வாங்க'ன்னு சொல்லுதேன். அது எனக்குப் பிடிச்சிருக்கு. விட மாட்டேன்."

சரி, என்ன செய்யப் போறீயன்னு கேட்டேன். போன்ல கூப்பிட்டா எவன் வருவான், நேர்ல போய் முறையாக் கூப்பிட்டாத்தான் வருவாவ, நீயும் கூட வான்னா.

இப்பத்தான் கவனமாக் கேக்கணும். எங்க ஊர்ல கூப்பிடுததுல ரெண்டு வகை உண்டு. கூட்டம், மீட்டிங்குன்னா போன்ல ஒரு செய்தி, இல்லன்னா தெருவுல பாத்து ஒரு வார்த்தை. வீட்டுல ஒரு நல்ல காரியம்னா அப்படிக் கெடையாது. ரெண்டு பொம்பளைங்க சேந்துதான் போகணும். நல்ல சேலை கட்டணும். வாசல்ல நின்னு சொல்லிட்டு ஓடக் கூடாது, உள்ள போய் உக்காந்து, குடுக்குதத ஒரு வாயாவது குடிச்சு, பத்திரிகைய ரெண்டு கையாலயும் நீட்டி, குடும்பத்தோட வந்து நின்னு நடத்திக் குடுக்கணும்னு சொல்லணும். ஊரான் வீட்டுக் கல்யாணம் அத்தனைக்கும் இப்படி அழைப்பு வாங்கியே பழகினவ அக்கா. அவ ஆயுசுல ஒருத்தரக் கூப்பிடுதது இதுதான் மொத தடவை. அவளுக்குத் தெரிஞ்ச முறை இது ஒண்ணுதான். அடுக்குல இருந்த அரக்குப் பட்டுச் சேலைய எடுத்துக் கட்டிக்கிட்டு, கார்த்திகேசன் அச்சடிச்ச கார்டுகள ஒரு வெள்ளித் தட்டுல வச்சுக்கிட்டு என் ஸ்கூட்டர்ல ஏறி உக்காந்தா. எனக்கும் உறைக்கல பாத்துக்கிடுங்க. பட்டுச் சேலையோட பின்னால உக்காந்தவள விழாமக் கொண்டு சேக்கணும்னுதான் என் கவலை.

அந்தக் கார்டு ஒரு தினுசு. முக்காவாசி வெறும் வெள்ளை. நடுவுல எஸ்றான்னு பெருசா, அதுக்குக் கீழ 'காலி நாற்காலி'ன்னு எறும்பு மாதிரி எழுத்துல, அடியில அன்புடன் அழைக்கும் சாலோமி. எங்க ஊர்ல பத்திரிகைய யாரு முழுசா வாசிக்கா? தேதியும் எடமும் வாயால கேட்டுக்கிட்டு, கார்ட காலண்டருக்குப் பின்னால சொருகிருவாவ. ஒரு ஆம்பளப் பேரும் ஒரு பொம்பளப் பேரும் கண்ணுல பட்டா போதும்லா.

மொத வீடு எங்க காம்பவுண்டு அன்னத்தாய் ஆச்சி. அக்காவுக்கும் மூத்தவ, மக பேத்தின்னு பெரிய குடும்பம். பட்டுச் சேலைய ஒரு பார்வை, தட்ட ஒரு பார்வை. சேர்ல உக்காந்திருந்தவ எந்திரிச்சு நின்னுட்டா. அக்கா சொல்ல வேண்டியதச் சொல்லி முடிச்சதும் ஆச்சி கேட்டா, அவரு எந்த ஊரு? மெட்ராசு. என்ன செய்யுதாரு? கலைஞர். நல்ல மனுசராட்டி?

"ரொம்ப அமைதியானவராம் ஆச்சி. ரெண்டு மணி நேரம் ஆனாலும் வாயே தொறக்க மாட்டாராம்."

குடுத்து வச்சவன்னு சொல்லி ஆச்சி அக்கா கன்னத்த வழிச்சு நெட்டி முறிச்சா. பரவாயில்லையே, ஆச்சிக்குக் கலை மேல இவ்வளவு ஆர்வமான்னு நான் வேற நெனச்சேன். கோட்டிக்காரி நான்.

எல்லா வீட்டுலயும் இதே கதைதான். ஒரு வீட்டுல அக்கா வாயில சீனி போட்டாவ, ஒரு வீட்டுல கையப் பிடிச்சு ஜெபம் பண்ணினாவ. ஆண்டவரு தாமதமானாலும் கைவிட மாட்டாருன்னு ஒரு அம்மா கண்ணத் தொடச்சா. கங்கைகொண்டான்ல கம்பெனியில வேலை பாக்குத ஸ்டெபின்னு ஒருத்தி, ஹாஸ்டல்ல அக்கா கையால வளந்தவ, அக்காவக் கட்டிப் பிடிச்சு அழுதே போட்டா. எல்லாரும் ஏன் இப்படி அழுதாவன்னு ரோட்டுல வச்சு நான் கேட்டேன். இந்த நிகழ்ச்சி நின்னுரக் கூடாதுன்னு எல்லாருக்கும் மனசுல இருக்கு ஏட்டின்னா அக்கா. நாலு பேருக்கு மேல எட்டிப் பாக்காத நிகழ்ச்சி! நானும் சரின்னு தலையாட்டுனேன்.

சனிக்கிழமை வந்துட்டு. எஸ்றா காலையிலயே வந்து எறங்கினாரு. அம்பது வயசு இருக்கும், நரைச்ச தாடி, பளிச்சுன்னு வெள்ளை வேட்டி, வெள்ளை ஜிப்பா. கூடத்து நடுவுல ரெண்டு வெள்ளை நாற்காலி போடச் சொன்னாரு. ஒண்ணுல அவரு உக்காந்து, கூடை நெறைய சம்பங்கியும் ரோஜாவும் வச்சுக்கிட்டு, பேசாம ஒரு மாலை கட்டுவாரு. இன்னொரு நாற்காலி காலியா இருக்கும். கட்டி முடிச்சதும் மாலைய அந்தக் காலி நாற்காலியில போட்டுட்டு எந்திரிச்சுப் போயிருவாரு. வராமப் போனவங்களுக்காக அந்த மாலையாம். ஆறு மணியில இருந்து முடியுற வரைக்கும் பேச மாட்டேன்னு அவருக்கு ஒரு விரதம். இத்தனையும் எங்க ரெண்டு பேருக்கும் கார்த்திகேசனுக்கும் தெரியும். ஊருக்குத் தெரியாது.

அஞ்சரைக்கே கூட்டம் வர ஆரம்பிச்சுட்டு. நான் வாயத் தொறந்தபடி நிக்கேன். பட்டுச் சேலை, வேட்டி சட்டை, கொண்டை பூரா மல்லிகைப்பூ, பிள்ளைங்களுக்குப் பாவாடை சட்டை. கங்கைகொண்டான்ல இருந்து ஒரு வேன். சீவலப்பேரி டவுன் பஸ்ல ஒரு கும்பல். ஒவ்வொருத்தர் கையிலயும் ஜிகினாத்தாள் சுத்துன பொட்டலம். கார்த்திகேசன் பக்கத்துப் பந்தல்காரர்கிட்ட ஓடி நாற்காலி எடுத்துட்டு வந்தான், பத்தல, பொறவும் ஓடினான். அக்கா வாசல்ல நின்னு வாங்க வாங்கன்னு கையக் கூப்புதா, அவ மொகத்துல அப்படி ஒரு வெளிச்சம். நான் அந்தப் பொட்டலங்களத்தான் பாத்துட்டு நின்னேன். சேக் முகம்மது அண்ணாச்சி குளிச்சு, சென்ட் அடிச்சுக்கிட்டு வந்து நின்னாரு. அவரு கையிலயும் ஒரு பொட்டலம்.

என்ன அண்ணாச்சி இதுன்னு கேட்டேன். சுவர்க்கடிகாரம்னாரு. எதுக்குன்னேன். கல்யாணத்துக்கு வெறுங்கையோடயா வருவாவன்னு என்னையே திருப்பிக் கேட்டாரு.

பட்டு, தட்டு, பத்திரிகை, நெட்டி முறிச்சது, சீனி போட்டது, எல்லாம் வரிசையா வந்து மண்டையில விழுந்துச்சு. இது எங்க ஊரு ஆளுங்களத் தவிர வேற யாருக்கும் தோணாது. பக்கத்துல மதுரைக்காரன் கூட கார்டத் திருப்பிப் பாத்திருப்பான். அக்காகிட்டச் சொல்லலாம்னு ஓடினேன். அதுக்குள்ள ஆறு மணி ஆயிட்டு, கார்த்திகேசன் கதவச் சாத்திட்டு, என்னையக் கையமத்தி உக்கார வச்சுட்டான். எஸ்றா வந்து உக்காந்தாரு, வாழைநார எடுத்தாரு, பூவை எடுத்தாரு.

கூட்டத்துல ஒரு சலசலப்பு. மாப்பிள்ளையே மாலை கட்டுதாரு பாருங்கன்னு ஒரு குரல். பொண்ணுக்குத் தன் கையாலயே கட்டணும்னு நெனச்சிருக்காரு, இந்தக் காலத்துல எவன் கட்டுவான்னு இன்னொரு குரல். எம் புருசன் பூ வாங்கித் தந்தே ஒரு மாமாங்கம் ஆச்சுன்னு பின்னால ஒருத்தி. அந்தப் புருசன் பக்கத்துலதான் இருந்திருக்கணும், ஒரு கனைப்பு கேட்டுச்சு.

பொறவு ஒவ்வொருத்தரா எந்திரிச்சு மாப்பிள்ளைக்குப் புத்தி சொல்லப் போயிட்டாவ. எஸ்றா இதெல்லாம் தன் நிகழ்ச்சியில மக்கள் பங்கெடுக்காவன்னு நெனச்சிருப்பாரு போல. பணிவாத் தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. குனியக் குனிய, என்ன வெக்கம் பாருன்னு இவங்க மயங்குதாவ. ஸ்டெபி அவரு முன்னால போய் நின்னு, "எங்க அக்கா எங்களுக்காகவே இருந்துட்டாவ சார், நீங்கதான் இனி நல்லாப் பாத்துக்கிடணும்"னு சொன்னா. அந்த மனுசனுக்குக் கண்ணு கலங்கிட்டு. வாயத் தொறந்து நான் மாப்பிள்ளை இல்லம்மான்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறஞ்சா போயிருவாரு? விரதமாம், விரதம்!

ஸ்டெபி அத்தோட விடல. நேரா வாசலுக்கு வந்தா, அக்கா கையப் பிடிச்சா, நடுக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போய் அந்தக் காலி நாற்காலி பக்கத்துல நிறுத்திட்டா. கூட்டம் பூராவும் எந்திரிச்சு நின்னுச்சு. யாரோ கல்யாணப் பாட்டு எடுத்துட்டாவ. சர்ச்சுல பாடிப் பழகுன கூட்டம்லா, ஆணு ஒரு குரல், பொண்ணு ஒரு குரல்னு பிசிறில்லாமப் பாடுது. பழைய மில்லுல அது முட்டி மோதித் திரும்புது.

அப்பத்தான் அக்காவுக்கு வெளங்கிச்சு. மொகத்துல அந்த வெளிச்சம் அணையுதத நான் பாத்தேன். கூட்டத்தப் பாக்கா, பொட்டலங்களப் பாக்கா, தன் பட்டுச் சேலையக் குனிஞ்சு பாக்கா. இல்லன்னு சொன்னா இத்தனை பேரும் அவமானப்பட்டு எந்திரிச்சுப் போயிருவாவ. கூடம் காலி, நிகழ்ச்சி காலி, அவ நிக்குத வாசலும் போச்சு. அத விட, அறுபது வயசுல கல்யாணம்னு ஊரே வந்து ஏமாந்துச்சேன்னு நாளைக்கு இதே வாய்க சிரிக்கும். பேசாம இருந்தா? பேசாம இருந்தா அந்த மனுசன் கதி என்ன? ஓடி வந்துருங்க அக்கான்னு கத்தணும் போல இருந்துச்சு எனக்கு.

பாட்டு முடியட்டும்னு நின்னா அக்கா. முடிஞ்சதும் ஹாஸ்டல்ல மணியடிச்சாப் பேசுத அதே குரல்ல பேசினா.

"எனக்குக் கல்யாணம் இல்ல. இவரு விருந்தாளி, இது இவரு நடத்துத நிகழ்ச்சி. எனக்கு வேற மாதிரி கூப்பிடத் தெரியாது, அதனால நீங்க தப்பா நெனச்சுட்டீங்க. நான் கூப்பிட்டேன், நீங்க எல்லாரும் வந்தீங்க. எனக்கு அதே பெருசு."

ஒரு சின்னப் பிள்ளை எப்பம்மா சாப்பாடுன்னு கேட்டுச்சு. எஸ்றா கையில பூ அப்படியே நிக்கி. முன் வரிசையில ரெண்டு பேரு பொட்டலத்த மடிக்குள்ள மறைச்சாவ. ஒருத்தரு வாட்சப் பாத்தாரு. கலையப் போகுதுன்னு எனக்குத் தெரிஞ்சுட்டு, கூட்டம் கலையுத ஒரு அசைவு உண்டுல்லா, அது வந்துட்டு.

அன்னத்தாய் ஆச்சி எந்திரிச்சா. முட்டியப் பிடிச்சுக்கிட்டு பைய நடுக்கூடத்துக்கு வந்தா.

"ஏளா சாலோமி, கல்யாணம் இல்லன்னா என்ன? எம் மக சடங்குக்கு வந்தே, கல்யாணத்துக்கு வந்தே, பேத்தி காதுகுத்துக்கு வந்தே. ஒரு தடவை வெறுங்கையோட வந்தியா? திருப்பிச் செய்யணும்னு நானும் எத்தனை வருசமாப் பாக்கேன், நீ ஒரு விசேஷம் வச்சியா? இன்னைக்குத்தான் கூப்பிட்டிருக்க. இதத் திருப்பி எடுத்துட்டுப் போகச் சொல்லுதியா?"

சொல்லிட்டு, கையில இருந்த ஜிகினாப் பொட்டலத்த அந்தக் காலி நாற்காலியில வச்சுட்டு, இடுப்புல கைய வச்சு எல்லாரையும் திரும்பிப் பாத்தா. அந்தப் பார்வைக்கு எங்க காம்பவுண்டுல நாய் கூட எந்திரிச்சு நிக்கும். ஸ்டெபி ஓடி வந்து ஒரு ஹாட்பேக்க வச்சா. சேக் முகம்மது அண்ணாச்சி கடிகாரத்த வச்சாரு. பொறவு வரிசை கட்டிட்டாவ. எங்க ஊர்ல வரிசைன்னு ஒண்ணு வந்துட்டா பொறவு யாரும் வெளிய போக மாட்டாவ, முன்னால போகத்தான் பாப்பாவ. குக்கரு, சேலை, போர்வை, எவர்சில்வர் குடம், பொறவும் கடிகாரம், அதுக்குப் பொறவும் கடிகாரம். ஒவ்வொருத்தரும் அக்கா கையப் பிடிச்சு, எனக்கு அம்மை போட்டிருந்தப்ப நீதான பாத்தே, எம் மகளுக்கு சீட்டு வாங்கித் தந்தியே, எங்கம்மா செத்தப்ப நீதான கூட இருந்தேன்னு எதையோ ஒண்ணச் சொல்லிட்டுத்தான் நகருதாவ. நாற்காலி மறைஞ்சே போச்சு. நான் அழுதுட்டேன். அன்னைக்கு யாரும் வெங்காயம் உரிக்கல.

எஸ்றா இதுக்கெடையில விட்ட எடத்துல இருந்து கட்ட ஆரம்பிச்சிட்டாரு. மாலைய முடிச்சு எந்திரிச்சாரு. போடணும்னா நாற்காலி எங்க இருக்கு? பொட்டலக் குமிதான் இருக்கு. மாலையோட அப்படியே நின்னாரு. இவரு மட்டும் இப்ப அக்கா கழுத்துல போட்டாருன்னு வையுங்க, எத்தனை விளக்கம் சொன்னாலும் நாளையில இருந்து பாளையங்கோட்டைக்கு அவரு மாப்பிள்ளைதான். நான் கண்ண மூடிக்கிட்டேன். அவரு என்ன நெனச்சாரோ, ரெண்டு கையிலயும் ஏந்தி அக்காகிட்ட நீட்டினாரு.

அக்கா வாங்கினா. எடை பாக்குத மாதிரி கொஞ்ச நேரம் கையிலயே வச்சிருந்தா. சம்பங்கியக் கிட்டக் கொண்டு போய் மோந்து பாத்தா. பொறவு மூக்குக்கண்ணாடியக் கழட்டி எங்கிட்டத் தந்துட்டு, மாலைய எடுத்துத் தன் கழுத்துல தானே போட்டுக்கிட்டா.

ஆச்சிதான் மொதல்ல குலவை விட்டா. அதுக்குப் பொறவு கூரை பறந்துட்டு. எஸ்றா விரதத்த மறந்து, அய்யோன்னு சத்தமாச் சிரிச்சுக்கிட்டே கையத் தட்டுதாரு. அவரு குரலு கீச்சுக் குரலு. அதுக்குத்தான் பேசாம இருந்தாரோ என்னமோ.

சாப்பாடு இல்லாம ஒரு கூட்டத்த அனுப்பினா எங்க ஊர்ல மானம் போயிரும். சேக் முகம்மது அண்ணாச்சி கடைக்கு ஓடி எண்ணெய் வச்சுட்டாரு. பருப்பு வடையும் டீயும் வந்துக்கிட்டே இருந்துச்சு. கார்த்திகேசன் சந்தோசத்துல தள்ளாடுதான். சனிக்கிழமை நிகழ்ச்சி நிக்காதுக்கா, இந்தக் கூடம் இருக்க வரைக்கும் நீங்கதான் வாசல்லன்னான். கூடவே, அந்தப் பொட்டலக் குமிய அப்படியே விட்டா ஒரு மாசம் காட்சிக்கு வைக்கலாம், பிரமாதமான படைப்புன்னான். கடிகாரம் எல்லாத்தையும் வச்சுக்கிடுங்க தம்பி, குக்கர மட்டும் எடுத்துக்கிடுதேன்னா அக்கா. வாரா வாரம் இதே மாதிரி வீடு வீடாக் கூப்பிட்டா என்னன்னு அவன் ஆரம்பிச்சதும் நான் ஒரு மொறை மொறைச்சேன். வாய மூடிக்கிட்டான்.

எல்லாரும் போனதும் கெளம்புனோம். குக்கரு அக்கா மடியில, மாலை கழுத்துல. மாலையக் கழட்டுங்க அக்கா, ரோட்டுல எல்லாரும் பாப்பாவன்னேன். வீட்டுல போய்க் கழட்டத்தான போறேன், இருக்கட்டும்ட்டின்னா. முருகன்குறிச்சி சிக்னல்ல வண்டி நின்னுச்சு. பக்கத்துல ஒரு டவுன் பஸ். ஜன்னல் ஓரத்துல இருந்த ஒரு பொம்பள, முன்னப் பின்னத் தெரியாதவ, பட்டுச் சேலையையும் மாலையையும் குக்கரையும் மாறி மாறிப் பாத்தா. அவளுக்குத் தாங்கல, தலைய வெளிய நீட்டிட்டா.

"என்னக்கா, யாருக்கு விசேஷம்?"

அக்கா என் தோள்ல ஒரு கைய வச்சு, நல்லா நிமிந்து உக்காந்தா.

"எனக்குத்தான்."

சிக்னல் விழுந்துச்சு, நான் வண்டிய எடுத்தேன்.